சுத்துற சக்கரத்துக்குக் கல்லு

“இரும்புன்னு சொல்லி எவனோ வெல்லக்கட்டியை வித்திருக்கான். அவன் கை விளங்குமா?”

வீரணன் விட்டெறிந்த கிரவுன் பட்டறைத் தரையில் உருண்டுபோய் ஜெயக்கொடியின் காலடியில் சாய்ந்தது. வட்டமான அந்தப் பல்சக்கரத்தில் ஒரு பக்கம் பற்களே இல்லை.

“ஒரே மழைக்காலத்துல மூணாவது, தாயி!”

வயதில் அவர்தான் மூத்தவர். ஆனால் ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவே, உள்ளே கிரவுன் சுற்றும் இரும்புக் குண்டைத் திறந்து மூட, அந்த மலையடிவாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. நல்ல நாளில் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அதே சொல்லைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்.

“எஸ்டேட் சனம் என்ன சொல்லுதுன்னு தெரியுமா, குருவே? இன்னொரு தடவை பாதி ஏத்தத்துல நின்னா என் வண்டியில காலே வைக்க மாட்டாங்களாம். அப்புறம் இந்த ஜீப்பை வச்சு என்ன பண்ண? கோழி அடைக்கவா?”

ஜெயக்கொடி கையைத் துடைத்தாள்.

“புதுசு மாட்டியாச்சு. ஏறி உட்காருங்கண்ணே.”

“சரக்கு கெட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்.”

“ஏறுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

அவள் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினாள். மற்றது தரையிலேயே இருந்தது.

“நல்ல மழைன்னு வைங்க. வளைவுல சேறு. சனம் இறங்கி நிக்குது. எப்படி ஏத்துவீங்க?”

“என்கிட்டயே கேக்குறியா?”

கியரைப் போட்டு மிதித்தார். தூக்கிய சக்கரம் சுற்றியது. தரையில் இருந்தது அசையவே இல்லை.

“இவ்வளவுதானா?”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடிவரை மிதித்தார். சக்கரம் அலறியது. டயரில் காய்ந்திருந்த சேறு கூரைத் தகரத்தில் போய்த் தெறித்தது.

“அடுத்து?” அவளும் கத்தினாள்.

“கல்லு போடுங்கடான்னு சத்தம் கொடுப்பேன்! சுத்துற சக்கரத்துக்கு அடியில கல்லைத் தள்ளுவாங்க. கபக்னு பிடிக்கும். வண்டி துள்ளி ஏறும். சனம் கை தட்டும்!”

“கல்லு போடுறப்ப காலை எடுப்பீங்களா?”

“காலை எடுத்தா ஏறுமா? எவனாவது எடுப்பானா?”

ஜெயக்கொடி குனிந்து உட்கார்ந்தாள். ஜாக்கியின் திருகைப் பிடித்தாள். லேசாகத் திருப்பினால் போதும். சுற்றுகிற சக்கரம் சுற்றுகிற வேகத்திலேயே சிமெண்டுத் தரையில் உட்காரும்.

இன்னொரு கையால் தரையைத் தட்டினாள்.

“இதான் கல்லு. போடவா?”

வீரணன் திரும்பிப் பார்த்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

திருகு அசைந்தது. வண்டி ஒரு நூல் இறங்கியது.

“ஏய்! வேணாம்! இறக்கிறாத தாயி, பல்லு போயிரும்!”

கால் தானாக எழும்பியது. கை சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தது.

சக்கரம் வேகம் குறைந்து, தள்ளாடி, நின்றது. பட்டறையில் கூரைத் தகரம் மட்டும் வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம்.

அவள் திருகை இறுக்கிவிட்டு எழுந்தாள். உடைந்த கிரவுனை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

வீரணன் பல் போன இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

அவருடைய வலது கால் இன்னும் ஆக்சிலேட்டருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஜெயக்கொடி அந்தக் காலையே பார்த்தாள்.

“உடைச்சவனை மட்டும் சும்மா விடாதீங்கண்ணே. நாளைக்கு அந்த வளைவுல கல்லு போடுறப்ப, எஸ்டேட் சனம் பாக்க, அவனையே சரி பண்ணச் சொல்லுங்க.”