புலவரோட சிவப்புக் கட்டைவிரல்

ராஜசபையில பூவாயி தன்னோட முதல் பாட்டைப் பாதிகூடப் பாடியிருக்க மாட்டா, ஆஸ்தானப் புலவர் அம்பலவாணர் எழுந்து நின்னுட்டார். "நிறுத்து. இது என் நடை. திருடிட்டா, ராஜா."

பூவாயிக்கு அரண்மனையில ஏடு நகலெடுக்கிற வேலை. பகலெல்லாம் படிச்ச பழைய பாட்டு, தூரத்து மழை மாதிரி அவ கனவுலயும் கேட்டுக்கிட்டே இருக்கும்.

"யார் சாயலும் இல்லாம ஒரு வரி பாடு பாப்போம்," புலவர் சொன்னார். "முடியலன்னா எழுத்தாணியைக் குடுத்துட்டுப் போ. இனிமே நீ எழுதவே கூடாது."

"உங்க நடையில யார் சாயலும் இல்லீங்களா ஐயா?"

"என் நாக்குல தானா ஊறினது."

பூவாயி ஏட்டறைக்கு ஓடி, ஒரு பழைய சுவடியைக் கொண்டாந்து ராஜா முன்னால பிரிச்சா. சில வரிகளுக்குப் பக்கத்துல மட்டும் சிவப்பா கட்டைவிரல் ரேகை. வெத்தலை போட்டுக்கிட்டே ஏடு படிக்கிறவர் அந்த அரண்மனையில ஒருத்தர்தான். சிவப்பை ஒட்டியே கறுப்பா இன்னொரு ரேகை. அது ஏட்டுக்கு மை தடவுற பூவாயியோடது.

"ஐயா மயங்கி நின்ன எடத்துலதான் நானும் மயங்கி நின்னேன், ராஜா. அதான் எங்க பாட்டு ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. எழுத்தாணியை வாங்கறதா இருந்தா ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிடுங்க."

புலவர் சிவந்த விரலை மெதுவா உள்ளங்கைக்குள்ள மடக்கிக்கிட்டார். ராஜா சிரிச்சுட்டே, "மீதியைப் பாடும்மா"ன்னார்.

ஆமா, நீங்க எழுதின வரியில, உங்களுக்குப் பிடிச்ச யாரோ மெல்ல நடந்து போற சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கா?