கடையாணியும் வயிற்றுவலியும்

ரொம்ப காலத்துக்கு முன்னே, மலையடி நாடான வேங்கைக்குன்றத்தை வானவரையன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் கோபம் வந்தால் முன்பின் பார்க்கமாட்டான்.

ஒருநாள் அவன் தேர் கடைவீதியில் போகும்போது ஒரு சக்கரம் கழன்று ஓடியது. ராஜா சேற்றில் விழுந்தான். "தேரோட்டியைப் பிடித்துச் சிறையில் போடு! நாளைக்கே நாடு கடத்து!" என்று கத்தினான். பாவம், தேரோட்டி வீரணன் வாய் திறக்குமுன்பே காவலர் இழுத்துப் போய்விட்டார்கள்.

மந்திரி நல்லியக்கர் சேற்றிலிருந்து கடையாணியை எடுத்துப் பார்த்தார். சக்கரம் கழலாமல் பிடித்திருக்க வேண்டிய அந்த ஆணி, வெல்லக்கட்டி மாதிரி உடைந்திருந்தது. காய்ச்சி அடித்த இரும்பென்றால் வளையுமே தவிர இப்படி உடையாது. வீரணன் மேல் தப்பில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அரசே, இது போலி ஆணி."

பண்டகசாலை அதிகாரி பொழில்நாயகர் சிரித்தார். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "மந்திரியாருக்குக் கண் மங்கிவிட்டதா? அரண்மனை மீன் முத்திரை பளிச்சென்று இருக்கிறதே! தேரோட்டி சரியாகப் பூட்டியிருக்கமாட்டான்."

"நாளைக் காலைக்குள் நிரூபியும். இல்லையென்றால் நீரும் அவனோடு கிளம்பும்!" என்றான் ராஜா.

மறுநாள் அரண்மனை வாசலில் ராஜா பார்த்திருக்க, தேர்கள் வரிசையாக நின்றன. நல்லியக்கர் உரக்கச் சொன்னார்: "எல்லாத் தேரிலும் பண்டகசாலை ஆணிதான் பூட்டியிருக்கிறது. அதிகாரிகள் ஆளுக்கொரு தேரில் ஏறி மலைப்பாதையில் இறங்க வேண்டும்."

மற்றவர்கள் ஏறினார்கள். பொழில்நாயகர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, ராத்திரியிலிருந்தே வலி!"

"அப்படியா? அந்தக் கடைசித் தேருக்கு மட்டும் கொல்லர் தெருவில் நானே நேரில் வாங்கிய ஆணி. அதிலாவது வருகிறீரா?"

சொல்லி முடிப்பதற்குள் பொழில்நாயகர் தேர்த்தட்டில் உட்கார்ந்திருந்தார்!

ராஜா புருவத்தை உயர்த்தினான். "என்னய்யா, உம் வயிற்றுவலிக்கு மருந்து ஆணியிலா இருக்கிறது?"

"அரசே, எல்லாத் தேரிலும் கொல்லர் தெரு ஆணிதான்" என்றார் நல்லியக்கர். "பண்டகசாலை ஆணியென்று நான் சொன்னதும் பயந்தவர் இவர் ஒருவர்தான்."

கூடியிருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். பொழில்நாயகர் இறங்கிவந்து காலில் விழுந்தார். நல்ல ஆணிக்கான பணத்தைச் சுருட்டிக்கொண்டு, ஓட்டை உடைசல் இரும்பை உருக்கி வார்த்து, கள்ள முத்திரை குத்தியதை ஒப்புக்கொண்டார்.

"இனி என்ன செய்யலாம்?" என்று ராஜா கேட்டான்.

"வேலையைச் சோதித்துத் தேர்ந்த பட்டறைகளிடம் மட்டும் வாங்குவோம். முத்திரைக்குப் பக்கத்தில் கொல்லன் தன் குறியையும் பொறிக்கட்டும். பட்டறையிலும் பண்டகசாலையிலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்போம். எந்த ஆணியையும் தட்டிச் சோதித்த பிறகே பூட்டுவோம்."

"அப்படியே ஆகட்டும்! புது ஆணி பூட்டிய தேரில் முதலில் ஏறுகிறவர் பொழில்நாயகர். அதுதான் அவருக்கு இனி உத்தியோகம்!"

மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. வீரணனை ராஜாவே சிறைக்குப் போய் அழைத்துவந்து, "அரண்மனைக்குப் போவோம், தேரை ஓட்டு" என்றான்.

வீரணன் ஏறவில்லை. குனிந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான். காவலர்கள் பதறினார்கள்.

"அவனை அவசரப்படுத்தாதீர்கள்" என்றான் ராஜா. வெயிலில் நின்றுகொண்டே காத்திருந்தான். பக்கத்தில் நின்ற நல்லியக்கருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.