உடைப்பில் உட்கார்ந்த கழுதை

காட்டோரத்துக் குளத்தில் நாலு பேர் தண்ணீர் குடித்து வந்தார்கள். ஒரு மயில், ஒரு காளை, ஒரு ஆடு, அப்புறம் சந்தியாகு என்ற கழுதை. அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு குளம்தான். அதுவும் பாதி வற்றிப்போயிருந்தது.

குடித்து முடித்ததும் நாலு பேரும் கரையில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் சாமியில்தான் வந்து நிற்கும். மயில் முருகனைப் பற்றிச் சொல்லும். காளை சிவபெருமானைப் பற்றிச் சொல்லும். தர்கா பக்கத்தில் வளர்ந்த ஆடு, அல்லாஹ் ஒருவனே என்று சொல்லிவிட்டு அசைபோடத் தொடங்கிவிடும். இவர்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

சந்தியாகு மட்டும் வேறு ரகம். அது மாதா கோயில் தோட்டத்தில் பிறந்தது. இயேசு எருசலேமுக்குள் போனது கழுதை மேல்தான் என்பதில் அதற்குத் தலைகால் புரியாத பெருமை. யாராவது ஆண்டவரைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், காது இரண்டும் பின்னால் மடிந்துவிடும். ஆண்டவர் மானத்தைத் தான்தான் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கு ஒரு நினைப்பு.

ஒருநாள் மயில் ஒரு கேள்வி கேட்டது. கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டது.

"சந்தியாகு, செத்தவங்களையே எழுப்பினவர் உங்க ஆண்டவர்னு சொல்ற. அப்புறம் ஏன் அவர் சிலுவையை விட்டு இறங்கி வரல?"

சந்தியாகுவுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே தோன்றுகிறது? வெட்கம் கோபமாக மாறிவிட்டது.

"எங்க ஆண்டவரையா கேலி பண்ற!" என்று கத்திக்கொண்டே திரும்பி, பின்னங்கால் இரண்டாலும் ஓங்கி ஒரு உதை விட்டது.

மயில் பறந்து தப்பியது. உதை கரையில் விழுந்தது. நண்டுகள் வளை தோண்டி ஏற்கெனவே இளகிப்போயிருந்த இடம் அது. பெரிய மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழ, குளத்துத் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் பாய ஆரம்பித்தது. அது போய்விட்டால் நாலு பேருக்கும் சாவுதான்.

சந்தியாகு நேரே போய் உடைப்புக்குள் உட்கார்ந்துவிட்டது. தண்ணீரின் வேகம் அடங்கியது. காளை கொம்பால் மண்ணைக் குத்திப் பெயர்த்துத் தள்ளியது. ஆடு அதை மிதித்துக் கெட்டியாக்கியது. மயிலும் தன்னால் ஆன மட்டும் காலால் பறித்துப் போட்டது. ஆனால் வேலை லேசில் முடியவில்லை. உடைப்பில் கிடந்த கூரான கற்கள் கழுதையின் வயிற்றைக் கிழித்தன. கசிந்த தண்ணீர் சிவப்பாக வந்தது.

மயிலுக்கு மனசு கேட்கவில்லை. "எழுந்து வந்துடு சந்தியாகு. செத்துப் போயிடுவ" என்றது.

"வர முடியாம இல்ல, மயிலு. நான் எழுந்தா நீங்க எல்லாரும் செத்துடுவீங்களே" என்றது கழுதை.

சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"நீ கேட்டதுக்கு இப்பதான் எனக்குப் பதில் கிடைச்சுது. அவரால இறங்கி வர முடியும். வந்திருந்தா அவர் மட்டும் பிழைச்சிருப்பார். எல்லாருக்காகவும்தான் அங்கேயே இருந்தார். நான் என் தப்புக்காக இங்க உட்கார்ந்திருக்கேன். அவர் ஒரு தப்பும் பண்ணாதவர். மூணாம் நாள் உயிரோட எழுந்தார்னு நான் நம்புறேன். தன்னை அடிச்சவங்களையும் மன்னிச்சவர் அவர். அவர் பேரைச் சொல்லி உன்னை உதைக்க வந்தேன் பாரு. என்னை மன்னிச்சிடு."

மயில் மண்ணைப் பறிப்பதை நிறுத்தவில்லை. பறித்துக்கொண்டே, "நான் முருகனை விட்டு வர மாட்டேன். ஆனா உன் கோபத்துக்குப் பயந்து கேட்காம விட்டது நிறைய இருக்கு. இனிமே கேட்கலாமா?" என்றது.

"கேளு. தெரிஞ்சதைச் சொல்றேன். தெரியாததைத் தெரியலைன்னு சொல்றேன்."

கரை அடைபட்டதும் காளை குனிந்து முட்டுக்கொடுத்துச் சந்தியாகுவைத் தூக்கிவிட்டது. மற்றவர்கள் வழிவிட்டு, முதல் வாய் தண்ணீரை அதைக் குடிக்கச் சொன்னார்கள்.

நம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமைதான். ஆனால் அன்பில்லாமல் சொல்லும் பதில் ஆண்டவரைக் காப்பாற்றாது, அவரைத் தெரிந்துகொள்ள வந்தவரைத்தான் துரத்திவிடும்.