வடிக்கிற நேரம்

காரைமேட்டு மடத்தில் பச்சையம்மாள் என்றொரு துறவி இருந்தார். ஊர் அவரை மடத்தம்மா என்றது. அஞ்சலகத்தில் வேலை பார்த்த டில்லிபாபு அவருடைய சீடர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியவர்கள்.

காரைமேட்டில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர். அவர்களில் மூத்தவர் ஜம்புலிங்கம். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் கிழக்கு எல்லையில் இருந்தவர். அவருக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று ஊர் கூடி முடிவு செய்தது. விழாக்குழுச் செயலாளர் டில்லிபாபு. பள்ளி மைதானத்தில் மேடை, இரண்டு பேண்டு செட்டு, அறுநூறு பேருக்கு மதியச் சாப்பாடு. வாசலில் இருபதடிக்கு ஒரு பேனர். அதில் பனிமலை, பீரங்கி, நடுவில் இயந்திரத் துப்பாக்கியோடு ஜம்புலிங்கம்.

விழா நாள் விடிந்ததும், பேச்சுக்குக் குறிப்பெடுக்க டில்லிபாபு அவர் வீட்டுக்குப் போனார்.

“மாமா, சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க? சொன்னீங்கன்னா மேடையில ஒரு போடு போட்டுடுவேன்.”

“சுடவா?” என்றார் ஜம்புலிங்கம். “நான் லங்கர்ல இருந்தவன்டா. பட்டாளத்துச் சமையக்கட்டு. துப்பாக்கி குடுத்தாங்க. முதுகுல மாட்டிக்கிட்டுக் கரண்டி பிடிச்சேன்.”

“இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!”

“ஒருத்தரும் கேக்கலையே.”

டில்லிபாபு மொபெட்டை முறுக்கிக்கொண்டு மடத்துக்குப் பறந்தார்.

“அம்மா, மானம் போச்சு! மாமா சமையல்காரராம். ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லையாம். அந்தப் பேனரைப் பார்த்தீங்க இல்ல? இன்னும் நாலு மணி நேரத்துல ஊரே திரண்டுடும். அவரை வீரர்னு நான் எந்த வாயால சொல்றது?”

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“என்ன சமைச்சாராம்?”

“அதை நான் கேக்கலை.”

“கேட்டுட்டு வா.”

ஜம்புலிங்கம் வீட்டில் இல்லை. பள்ளி மைதானத்தின் பின்புறம் புகை எழுந்தது. முகூர்த்த நாள். ஒப்புக்கொண்டிருந்த சமையல் கோஷ்டி வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தது. சேதி கேட்டதும் ஜம்புலிங்கம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நேராக அடுப்படிக்கு வந்துவிட்டார். தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் விறகு தள்ளினார்கள்.

“மாமா! விழாவே உங்களுக்குத்தான். இங்க என்ன பண்றீங்க?”

“அறுநூறு பேர் வராங்களேடா. உக்காரு, வெங்காயத்தை உரி.” பிறகு சிரித்தார். “வாசல்ல பார்த்தேன். மூஞ்சி நம்மது. கை யாரோடது?”

டில்லிபாபு உட்கார்ந்தார். உரித்துக்கொண்டே கேட்டார்.

“சண்டையில என்ன சமைச்சீங்க மாமா?”

ஜம்புலிங்கத்தின் கரண்டி சாம்பாரில் ஒரு சுற்று சுற்றி நின்றது.

“எங்க கம்பெனியில நூத்திப் பன்னண்டு பேரு. ஆத்துக்கு அந்தாண்ட ரெண்டு நாளாச் சோறில்லாம கிடந்தாங்க. அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டேன். விறகெல்லாம் ஈரம். விடியறதுக்குள்ள அடுப்பை அணைக்கணும், புகை தெரிஞ்சா குண்டு விழும். வெந்ததும் நானும் குர்னாம்னு ஒரு பஞ்சாபிக்காரனும் பாத்திரத்தை மூங்கில்ல மாட்டித் தூக்கிக்கிட்டு நடந்தோம். வயல் பூராச் சேறு. பக்கத்துல விழும்போது மண்டி போட்டுடுவோம். பாத்திரத்தை மட்டும் சாய விடல.”

“போய்ச் சேர்ந்தீங்களா?”

“சேர்ந்தோம். தொண்ணூத்தி நாலு பேருதான் இருந்தாங்க.”

டில்லிபாபு வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“பதினெட்டுப் பேரு சோறு மிச்சம். அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. ஆளுக்கு ஒரு பிடி கூடப் போட்டேன். ஒருத்தரும் வேணாம்னு சொல்லல.”

அவர் குனிந்து விறகை இழுத்துத் தணலைத் தணித்தார்.

“அதிலேருந்து, கல்யாணமோ கருமாதியோ, இந்த ஊர்ல நான் கைவெச்ச அடுப்புல பதினெட்டுப் பேருக்குச் சேர்த்துத்தான் உலை வைப்பேன். யாராவது வருவாங்க. ரோடு போடறவங்க, பஸ்ஸை விட்டவங்க. ஒரு நாளும் மிஞ்சினதில்ல.”

டில்லிபாபு எழுதி வைத்திருந்த பேச்சை எடுத்தார். அடுப்பில் போட்டார்.

பதினொரு மணிக்கு மைதானம் தாங்கவில்லை. பள்ளிக்கூடச் சுவர்மேலும் ஆட்கள். பேண்டு செட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்த்தன. பொன்னாடை போர்த்த வந்த மடத்தம்மா மேடையில் அமர்ந்திருந்தார்.

டில்லிபாபு ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஈர விறகையும் மூங்கிலையும் சொன்னார். தொண்ணூற்று நான்கு என்றபோது பேண்டுக்காரர்கள்கூட அசையவில்லை. ஒரு பிடி கூடப் போட்டதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு கைதட்டல் கிளம்பியது. விசில் பறந்தது. “ஜம்புலிங்கம் ஐயா மேடைக்கு வரவும்!” என்றார் டில்லிபாபு. டிரம் முழங்கியது.

ஜம்புலிங்கம் வரவில்லை.

டில்லிபாபு இறங்கி ஓடினார். நான்கு சோற்று அண்டாக்களில் மூன்று வடித்து முடிந்திருந்தது. நான்காவது, வாயில் வெள்ளைத் துணி கட்டி, ஆவி பறக்க நின்றது. ஜம்புலிங்கம் அதன் ஒரு காதைச் சாக்கால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ஊரே காத்திருக்கு! வாங்க!”

“வடிக்கிற நேரம்டா. இப்ப விட்டா குழைஞ்சிடும். பேண்டு சத்தம் கேட்டதும் பசங்க எல்லாம் ஓடிட்டானுங்க. அந்தக் காதைப் பிடி.”

டில்லிபாபு தன் புது வேட்டியைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். “ஆளை அனுப்பறேன் மாமா” என்று திரும்பி ஓடினார்.

மூச்சிரைக்க மடத்தம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் உடனே எழுந்தார். தட்டில் இருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கூட்டம் வழிவிட்டது. பிறகு கூட்டமே அவர் பின்னால் திரும்பியது. பேண்டு செட்டுகள் வாசித்துக்கொண்டே வந்தன. சுவர்மேல் இருந்தவர்கள் குதித்து இறங்கினார்கள். ‘அடுப்படியிலேயே போர்த்தப் போறாங்க’ என்று எண்ணிய டில்லிபாபு, படம் எடுப்பவரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

மடத்தம்மா அண்டாவின் மறுபக்கம் போனார். பிடிக்கத் துணி தேடினார். இருந்த ஒரே சாக்கு ஜம்புலிங்கத்தின் கையில். மடத்தம்மா பொன்னாடையை நான்காக மடித்தார். கொதிக்கும் காதில் சுற்றிப் பிடித்தார்.

“சாய்ப்போமா ஐயா?”

“மெதுவா, அம்மா. ஒண்ணு, ரெண்டு…”

அண்டா சாய்ந்தது. கஞ்சி வெள்ளையாகக் கொட்டியது. ஆவி இருவரையும் மூடியது. அண்டா நிமிர்ந்தது. ஜம்புலிங்கம் துணியை அவிழ்த்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“பதம்!” என்று கத்தினார்.

மைதானம் அதிர்ந்தது. பேண்டுக்காரர்கள் வெறிபிடித்தவர்கள்போல் அடித்தார்கள். யாரோ ஜம்புலிங்கத்தைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் கரண்டியைக் காட்டி மிரட்டினார். பந்தி பந்தி என்று கூவிக்கொண்டு இளைஞர்கள் இலைக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டில்லிபாபு மட்டும் பொன்னாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, காஞ்சிப் பட்டும்மா அது! கரியும் கஞ்சியுமாப் போச்சே. இனிமே மாமாவுக்கு எதைப் போர்த்துறது?”

மடத்தம்மா அதை உதறினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல துணி, டில்லி. கை சுடவே இல்லை.”