முள் ஆடாத இடம்

மூக்கையாவை வேலையை விட்டு அனுப்பிய பிறகும் அந்த சிஎன்சி மிஷினில் இரும்பை வெட்டும் டூல் மறுபடி உடைந்தது. இந்த முறை ஓட்டியது வேறு ஆள்.

"என்ன சார், அடுத்து யாரை வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?" என்றான் ஃபிட்டர் பொன்ராசு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தரம் பார்க்கும் இன்ஜினியர் இளம்பரிதிக்கு முகம் செத்துப்போனது. உடைந்த டூலை ஹோல்டரோடு அப்படியே விட்டுவிட்டு டூல்ரூமுக்கு ஓடினான். அங்கே தலைமை ரெஜினா. சேர்ந்த நாள் முதல் அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்.

"மேடம், மூக்கையாண்ணன் கவனமில்லாம ஓட்டினார்னு நான் சொன்னது தப்பா? ஹோல்டரைச் செக் பண்ணித்தானே சொன்னேன்?"

"அவரு என்ன சொன்னாரு?"

"'தம்பி, நீங்க படிச்சவரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க'ன்னார்."

ரெஜினா எழுந்தார். "வா. அன்னைக்குப் பாத்த மாதிரியே பாத்துக் காட்டு."

மிஷினுக்குத் திரும்பியதும், டூலைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரின் வாயருகே, ஆட்டம் இருந்தால் முள் அசைந்து காட்டும் டயலை வைத்தான். ஹோல்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினான். முள் அசையவில்லை.

ரெஜினா டயலை வாங்கினார். அதைக் கீழே இறக்கி, உடைந்தது போக மிச்சமிருந்த டூலின் நுனியில் வைத்துச் சுற்றினார். முள் இப்படியும் அப்படியும் ஆடியது.

ஹோல்டரைக் கழற்றி, டூலை உருவிப் பார்த்தார். உள்சுவரில் தலைமயிர் கனத்துக்கு ஓர் இரும்புப் பிசிறு நசுங்கி ஒட்டியிருந்தது. துடைக்காமல் மாட்டியிருக்கிறார்கள். டூல் கோணலாகவே சுற்றியிருக்கிறது. உடையாமல் என்ன செய்யும்?

"இதை மாட்டினது யாரு?"

"நான்தான் மேடம். மூக்கையாண்ணன் ஓட்டினப்பவும் நான்தான் மாட்டினேன்."

"நுனியில வச்சுப் பாக்கணும்னு தெரியாதா?"

"தெரியும்." அவன் தலையைக் குனிந்தான். "ஆடிருச்சுன்னா என் வேலை போயிரும்னு பயம். எங்க வீட்டுல படிச்சு வேலைக்கு வந்தது நான் ஒருத்தன்தான்."

"மேனேஜர்கிட்ட என்ன சொன்ன?"

"செக் பண்ணினேன், முள் ஆடலைன்னு சொன்னேன்." சட்டென்று நிமிர்ந்தான். "ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லலை மேடம்!"

ரெஜினா பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மூக்கையா யூனிஃபாரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்காரு. கேட்லதான் நிக்கிறாரு. போ, ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லலைன்னியே, அதை அவர்கிட்ட சொல்லு."