முப்பத்தேழாம் படகின் அழைப்பு

தீர்ப்புச் சொல்வது எளிது என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

தென்கரையில் ஒரு மீட்பு அறை. ஆபத்தில் சிக்கிய படகுகளின் அழைப்பைப் பெற அங்கே ஒரே ஒரு கணினியில் ஒரு நிரல் ஓடியது. அதற்குள் இரண்டு இழைகள், அதாவது தனித்தனியாக ஓடும் இரண்டு நிரல் பகுதிகள், ஒரே சமயத்தில் வேலை செய்தன. அறையின் நிரலாளர்கள் இருவரில் இத்ரீஸ் எழுதிய இழை, கடலிலிருந்து வரும் செய்தியை வாங்கி மற்றதிடம் கொடுக்கும். வளர்மதி எழுதிய இழை, அதை மீட்புக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, 'அனுப்பியாயிற்று' என்று முதல் இழைக்குப் பதில் தரும். போகும் செய்திக்கும் வரும் பதிலுக்கும் தனித்தனி வரிசை. ஒவ்வொன்றிலும் நூறு இடம். வரிசை நிறைந்தால், இடம் கிடைக்கும்வரை இழை காத்து நிற்க வேண்டும். எந்தச் செய்தியும் தொலையக் கூடாது என்பது அறைத் தலைவர் தங்கசாமியின் கண்டிப்பு.

படகிலுள்ள கருவி, படகு கவிழாமல் மிதக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும்.

புயலன்று பிற்பகல் செய்திகள் குவிந்தன. இரண்டு வரிசைகளும் ஒருசேர நிறைந்தன. இத்ரீஸின் இழை இடத்துக்காக நின்றது. வளர்மதியின் இழையும் இடத்துக்காக நின்றது. ஒன்று நகர்ந்தால்தான் மற்றது நகரும். திரையின் கடைசி வரியில் 'படகு 37, அபாயம்' என்று மட்டும் இருந்தது. கடலில் எந்த இடம் என்பது வரிசைக்குள் மாட்டிக்கொண்டது.

முப்பத்தேழு, ஆரோக்கியத்தின் படகு. அவரோடு மூன்று பேர் போயிருந்தார்கள். அவர் மனைவி ஜெசிந்தா அறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நிறுத்திட்டு மறுபடி ஓட்டணும் சார்," என்றான் இத்ரீஸ். "இப்ப யாரு கூப்பிட்டாலும் நமக்குக் கேக்காது."

"நிறுத்தினா வரிசையில இருக்கிற அத்தனையும் அழிஞ்சிரும்," என்றாள் வளர்மதி. "அரை மணி நேரம் குடுங்க சார். அதுவரைக்கும் யாரும் தொடாம இருந்தா, மெமரியைப் படிச்சு முப்பத்தேழோட இடத்தை எடுத்துருவேன்."

ஜெசிந்தா உள்ளே வந்து தங்கசாமியின் கையைப் பிடித்தாள். "ஐயா, அவரு கூப்பிட்டது இதுக்குள்ளதானே இருக்கு? அழிச்சிராதீங்கய்யா."

இத்ரீஸ், வளர்மதி: இவர்களில் யார் சொன்னது சரி?

விடை: இத்ரீஸ் சொன்னதே சரி. கவிழாமல் மிதக்கும் படகு மறுபடி அழைக்கும். நின்றுபோன நிரலுக்கு எந்த அழைப்பும் எட்டாது. தங்கசாமி அப்படியே செய்தார். ஐந்து நிமிடத்துக்குள் ஆறு படகுகள் அழைத்தன. பதினெட்டுப் பேர் கரை சேர்ந்தார்கள். முப்பத்தேழு அழைக்கவில்லை. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு யாராவது கிடந்திருக்கலாம். இடம் தெரியாமலே தேடினார்கள். மூன்றாம் நாள் தேடலை நிறுத்தினார்கள். அன்று ஜெசிந்தா தங்கசாமியிடம் வந்தாள். "நீங்க செஞ்சது சரிதான்னு எல்லாரும் சொல்றாங்க. கடல்ல எந்தப் பக்கம் பாத்து அழணும்னு மட்டும் சொல்லுங்கய்யா."