டீசல் முள்ளும் மூங்கில் குச்சியும்

மலையடிவாரத்துப் பட்டறையில் ரஹ்மத் அம்மாதான் மேஸ்திரி. வண்டி ஒயரிங்கில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. லாரி ஓட்டி அலுத்துப்போய் அவரிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். கேள்வி கேட்பதில் மட்டும் பச்சைப்பிள்ளை.

ஒருநாள் காலை மாதேஸ்வரன் தன் பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். டீசல், சூடு, ஆயில் அளவு காட்டும் மூன்று முள்ளும் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தன.

"மூணும் ஒண்ணாச் சாவுமுங்களா, மேஸ்திரியம்மா?" என்றார் சென்னியப்பன்.

"சாவாதுங்ணா. மூணுக்கும் கரண்டு ஒரே வழியிலதான் வருது. அந்த வழியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ரஹ்மத் வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சென்னியப்பன் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு தகர டப்பா. அதற்குள் கரண்டு போகிறது, வெளியே வரவில்லை. இது எதற்கு இங்கே குந்தியிருக்கிறது? கேட்க வாய் துறுதுறுத்தது. ஆனால் மாதேஸ்வரன் நிற்க மாட்டாமல் நின்றார். சென்னியப்பன் டப்பாவைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கினார்.

மூன்று முள்ளும் எழுந்தன. டீசல் முள் பாதியைத் தாண்டி நின்றது. சென்னியப்பனுக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது.

"டைரக்ட் குடுத்துட்டேன், மேஸ்திரியம்மா!"

மாதேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. டாங்கில் விட்டு டீசல் அளவு பார்க்கச் சீட்டுக்கடியில் வைத்திருந்த மூங்கில் குச்சியை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

"இனி இது எதுக்குங்க? எம்மக மலைமேல நெறமாசமா இருக்கா. இப்பவே போயி ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தர்றேன்."

ரஹ்மத் கை துடைத்துக்கொண்டு வந்தார். முள்ளைப் பார்த்தார். முறுக்கிய ஒயரைப் பார்த்தார். வேலியைச் சுற்றிப் போய்க் குச்சியைத் தேடி எடுத்துவந்து, முந்தானையில் துடைத்து, டாங்கில் விட்டார்.

குச்சியில் கால்வாசிக்குக்கூட ஈரம் ஏறவில்லை.

மாதேஸ்வரன் முகம் வெளுத்துவிட்டது. "பாதி மலையில எம்புள்ளையோட நின்னுருப்பனே!"

சென்னியப்பன் குனிந்து குச்சியைப் பார்த்தார். "முள்ளுதான் ஏறுச்சுங்களே?"

"அந்த டப்பா கரண்டைக் கொறச்சுக் குடுக்கறதுங்ணா. அது இல்லாமக் குடுத்தா, முள்ளு இருக்கறதுக்கு மேல காட்டும்."

"புது டப்பா வர்ற வரைக்கும் என்ன பண்றதுங்க? மறுபடியும் செத்த முள்ளோடயா அவரை அனுப்பறது?"

ரஹ்மத் மாதேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"முள்ளு படுத்துக் கெடந்த இத்தனை நாள்ல, டீசல் தீந்து எங்கயாச்சும் நின்னீங்களா?"

"ஒருநாளும் இல்லீங்க. குச்சி விட்டுப் பாக்காம வண்டியவே எடுக்க மாட்டனே."

ரஹ்மத் குச்சியைச் சென்னியப்பனிடம் நீட்டினார்.

"ஒயரைப் பிரிச்சு விட்டுட்டு, இதை அவர் சீட்டுக்கடியில வெச்சுருங்ணா."